முதலில் ஐந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள்

இறுதியாண்டு ஆய்வுக்கு வினாக்கொத்து தயாரானவுடன் 100 பிரதி எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் ஐந்து பேரிடம் நேரில் கேளுங்கள். முன்னோடி ஆய்வு என்பது இதுதான்.

யாழ்ப்பாணம் குருநகரில் ஓர் அம்மாவிடம், "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?" என்று கேட்டேன். "ஆறு பேர், தம்பி" என்றார். பேசப் பேசத்தான் தெரிந்தது, மூத்த மகன் கனடாவில், மகள் பிரான்சில். வீட்டில் இருப்பது நான்கு பேர். அவர் சொன்னதில் பிழையே இல்லை, கேள்விதான் பிழை. "இந்த வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்?" என்று மாற்றினேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனிக் கேள்வி வைத்தேன்.

எந்த இடத்தில் தயங்குகிறார்கள், எதைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். "வருமானமும் சேமிப்பும் போதுமா?" மாதிரி ஒன்றுக்குள் இரண்டு கேட்பவற்றைப் பிரித்துவிடுங்கள்.

நேர்காணல் என்றால் அனுமதி கேட்டுத்தான் ஒலிப்பதிவு. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கு மணி நேரமாவது போகும், அன்றிரவே தொடங்குங்கள். அப்புறம், வினாக்கொத்தை மாற்றியிருந்தால் அந்த ஐந்து பேரின் பதில்களை இறுதிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.