பச்சைப் பூ-அர்: கசப்பை நொடிக்கணக்கில் பிடிப்பது

சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பெரிய இலைத் தேயிலையை வாணலியில் வாட்டி, கசக்கி, வெயிலில் உலர்த்தி, ஆவி காட்டி வட்டாக அழுத்தினால் பச்சைப் பூ-அர். சீனத்தில் 'ஷெங்'. வழக்கமான வட்டு 357 கிராம். இலையைக் குவித்து ஈரத்தில் புளிக்கவைக்கும் கறுத்த 'ஷோவ்' 1970களில் வந்தது. அதை எவ்வளவு நேரம் ஊறவிட்டாலும் குடித்துவிடலாம். இளம் ஷெங்கை அப்படி விட்டால் வாயில் வைக்க முடியாது.

வட்டை உடைக்கும்போது கத்தியை நடுவில் குத்தாதீர்கள். ஓரத்தில் கிடையாக நுழைத்து அடுக்கடுக்காக நெம்புங்கள். தூள் சேர்ந்தால் முதல் தண்ணீரிலேயே சாறெல்லாம் இறங்கிவிடும். தூள் செய்த வேலைக்கு இலை பழி சுமக்கும்.

100 மில்லி பிடிக்கும் மூடிக்கிண்ணத்துக்கு 6 கிராம். தராசு அவசியம், அழுத்திய இலை கண்ணை ஏமாற்றும். கிண்ணத்தை வெந்நீரால் சுடவைத்து, இலையைப் போட்டு, கொதிநீர் ஊற்றி 5 நொடியில் வடித்துக் கொட்டுங்கள். மூடி ஒரு நிமிடம் விட்டால் கட்டி இளகும். அடுத்த நான்கைந்து தடவைக்கு 5 முதல் 8 நொடி போதும். பிறகு ஒவ்வொரு தடவையும் ஐந்து பத்து நொடி கூட்டுங்கள். நல்ல இலை பத்துத் தடவை தாங்கும்.

கடைசிச் சொட்டுவரை வடியுங்கள். அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தங்கினாலும் இலை அதில் ஊறிக்கொண்டே இருக்கும். அடுத்த கோப்பை கைக்கும்.

கசப்புக்கும் துவர்ப்புக்கும் தமிழில் தனிச்சொல் இருப்பது இங்கே கைகொடுக்கிறது. நெல்லிக்காய் மென்று தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஒரு தித்திப்பு எழுமே, சீனர்கள் 'ஹுய்கான்' என்பது கிட்டத்தட்ட அதுதான். விழுங்கிய சில நொடிகளில் கசப்பு அப்படித் திரும்பினால் பக்குவம் சரி. திரும்பாமல், கன்னத்தின் உட்புறம் வறண்டு துவர்ப்பு ஒட்டிக்கொண்டால் முதலில் நேரத்தைக் குறையுங்கள். அடங்காவிட்டால் 90 டிகிரிக்கு இறங்குங்கள், அப்புறம் 5 கிராமுக்கு. சூட்டைக் குறைப்பது குற்றமில்லை: சுமார் 1,900 மீட்டர் உயரத்திலுள்ள யுன்னான் தலைநகர் குன்மிங்கில் தண்ணீர் கொதிப்பதே ஏறக்குறைய 94 டிகிரியில்தான்.

சப்பென்று இருந்தால் தண்ணீர் ஆறியிருக்கும், அல்லது உப்புத்தண்ணீராக இருக்கும்.

முதல் வட்டு வாங்குவோருக்கு யுன்னானின் யீவூ பகுதி இலை நல்லது, மென்மை, தேன்வாசம். அங்கேயே பூலாங் மலை இலை கசப்பில் முரடு, பழகியபின் பாருங்கள். வட்டைக் காகிதத்தோடு இருட்டில் வையுங்கள். மசாலா டப்பா, ஊதுபத்தி அருகே வேண்டாம். எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும், திருப்பித் தராது.