மதுரையிலிருந்து ஜாஸ் பாடத் தொடங்குவது எப்படி

மதுரையில் இருந்துகொண்டு ஜாஸ் பாட ஆசைப்படும் பதினாறு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள், அதற்கென்றே ஓர் ஆசிரியர் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கர்நாடக சங்கீதமோ தேவாலயப் பாடகர் குழுவோ காதை ஏற்கெனவே பழக்கியிருந்தால், இனி வேண்டியது நல்ல பதிவுகளும், கீபோர்டு வாசிக்கத் தெரிந்த ஒரு தோழரும், நாள்தோறும் ஒரு மணி நேரமும் மட்டுமே.

முதல் வேலை கேட்பது. அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1934-இல், தமது 17-ஆம் வயதில், நியூயார்க் நகரின் அப்போலோ அரங்கில் நடந்த புதியவர்களுக்கான போட்டிக்கு நடனமாடப் போய், பாடிப் பரிசு பெற்றார். அன்று அவருக்குக் கைகொடுத்தது, கானி பாஸ்வெல் என்ற பாடகியைக் கேட்டுக் கேட்டு உள்வாங்கியிருந்த பாட்டுமுறை. அதே போல நீங்களும் ஒரே ஒரு பாடகரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அவர் மூச்சு எடுக்கும் இடம், சொல்லைத் தாளத்திற்குச் சற்றுப் பின்தள்ளிப் போடும் இடம் எல்லாம் அத்துபடியாகும் வரை கேளுங்கள். பத்துப் பாடல்களை அரைகுறையாகத் தெரிந்துகொள்வதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

தேவாலயக் குழுவில் சேர வாய்ப்பிருந்தால் தயங்காதீர்கள். நியூயார்க்கை அடுத்த நியூவார்க் நகரத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் பாடியும் வளர்ந்த ஜாஸ் பாடகி சாரா வான், 1942-இல் அதே அப்போலோ போட்டியில் வென்று, அடுத்த ஆண்டே பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸின் ஜாஸ் குழுவில் பாடகியானார். நான்கு குரல்களில் பாடும் குழுவில் ஆல்டோ (பெண்களின் தாழ்குரல்) அல்லது டெனர் (ஆண்களின் உயர்குரல்) வரிசையில் நிற்பவருக்கு, மெட்டை மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே தம் சுரத்தைத் தனியாகப் பிடித்து நிற்கும் பழக்கம் வருகிறது. தம்புராவின் சுருதியோடு மட்டுமே பாடி வளர்ந்தவருக்கு, காலடியில் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) மாறிக்கொண்டே இருப்பது புதிய அனுபவம். அதற்கு இந்தப் பயிற்சி பெரிதும் உதவும்.

அடுத்து, ஜாஸின் வேர்களில் ஒன்றான ப்ளூஸ் என்ற பாட்டுமுறை. இதில்தான் நம் ஊர்ச் சங்கீதப் பயிற்சி நேரடியாகக் கைகொடுக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுத்த தன்யாசி ராகத்தின் ஆரோகணத்தை, அதாவது ஏறுவரிசையை, பாடுங்கள். சுத்த மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையே பிரதி மத்யமத்தையும் தொட்டுச் செல்லுங்கள். ப்ளூஸ் சுரவரிசை அதுதான். இப்போது கீபோர்டு வாசிப்பவரை ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தச் சொல்லி, அதன்மேல் நீங்கள் சாதாரண காந்தாரத்தைப் பாடுங்கள். அவர் விரலில் ஒரு காந்தாரம், உங்கள் குரலில் வேறொரு காந்தாரம். அபசுரமோ என்று மனம் பதறும். ஆனால் அந்த உரசல்தான் ப்ளூஸின் சுவை. நல்ல பாடகர்கள் அந்தக் காந்தாரத்தை இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிறுத்துவார்கள். கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, பழகிய குரலுக்கு அது எளிதில் வசப்படும். இதில் கை தேர்ந்ததும் பன்னிரண்டு பார் (ஒரு பார் என்பது நான்கு அடி) சுற்றுக்கு வாருங்கள்: ஷட்ஜக் கார்டு, அதாவது ஷட்ஜத்தை அடியாகக் கொண்ட கார்டு, நான்கு பார், மத்யமக் கார்டு இரண்டு, மீண்டும் ஷட்ஜம் இரண்டு, பஞ்சமம் ஒன்று, மத்யமம் ஒன்று, கடைசியாக ஷட்ஜம் இரண்டு.

தாளத்தில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆதி தாளத்தில் முதல் தட்டில் கை அழுத்தி விழும்; ஜாஸில் நான்கு அடிக்கு இரண்டாவதிலும் நான்காவதிலும் விரலைச் சொடுக்குவார்கள். ஒவ்வோர் அடியையும் ‘தகிட’ என்று மூன்றாகப் பிரித்து, பாட்டின் ஓர் அசையைத் ‘த’விலும் அடுத்ததை ‘ட’விலும் வைத்துப் பாடிப் பாருங்கள், ஸ்விங் என்னும் ஜாஸின் துள்ளல் நடை பிடிபடத் தொடங்கும். வேகம் கூடினால் இந்த ஏற்றத்தாழ்வு குறைந்து இரண்டும் ஏறக்குறையச் சமமாகிவிடும்.

சொற்களை விட்டுவிட்டு அசைகளால் கற்பனையாகப் பாடும் ஸ்கேட் முறை, 1926-இல் ஜாஸ் டிரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்ததன் பிறகு பரவலானது. கல்பனாசுரம், அதாவது கற்பனையாகச் சுரங்களைக் கோத்துப் பாடுவது, பழகியவர்கள் இதற்கு அவசரப்படுவார்கள். முதலில் மெட்டைக் குறைவறப் பாடுங்கள். ஸ்கேட் தானாக வரும்.

கர்நாடகக் கச்சேரியில் ஐந்தரைக் கட்டை என்றால் கச்சேரி முழுவதும் ஐந்தரைக் கட்டைதான். ஜாஸில் பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறலாம். பேசும் குரலுக்கு அருகில் மெட்டின் பெரும்பகுதி அமையும்படி தேர்ந்தெடுத்து, அந்தச் சுருதியில் கார்டுகளை ஒரே தாளில் எழுதி, பக்கவாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கும் கீபோர்டு, கிடார் கலைஞர்கள் மதுரையில் கிடைப்பார்கள். தாளும் தெளிவான வேகக் கணக்கும் கையில் இருந்தால் ஓர் ஒத்திகையிலேயே உங்களோடு இணைந்து வாசித்துவிடுவார்கள்.

முதல் மேடைக்கு ஏப்ரல் 30 நல்ல நாள். 2011-இல் யுனெஸ்கோ அதைப் பன்னாட்டு ஜாஸ் நாளாக அறிவித்தது. கல்லூரி அரங்கிலோ ஒரு காப்பிக்கடை மாடியிலோ, நான்கு பாடல்கள் போதும். உணவகங்களும் விடுதிகளும் பாட அழைத்தால், சம்பளம், பாடும் நேரம், இரவு வீடு திரும்ப வண்டி ஆகிய மூன்றையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களின் கவலையும் அதனால் குறையும். முறையாகப் படிக்க விரும்பினால், ஏ. ஆர். ரகுமான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி சென்னையில் உள்ளது. காலை வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் பிற்பகலில் எழும்பூரில் இறங்கி நேரில் விசாரிக்கலாம்.

பாட்டைப் பதிவு செய்து வெளியிடும் முன் உரிமையைக் கவனியுங்கள். இந்தியச் சட்டப்படி, பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். வெளிநாட்டு விதிகள் வேறுபடலாம். முதல் பதிவுக்கு எளிய வழி, பன்னிரண்டு பார் ப்ளூஸ் அமைப்பில் நீங்களே தமிழில் எழுதுவது. முதல் வரியைப் பாடி, அதையே இரண்டாம் முறையும் பாடி, மூன்றாம் வரியில் அதற்கு விடை சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார். அதில் ஏறக்குறைய இரண்டு பார் உங்களுக்கு, மீதி கிடார் மறுமொழி சொல்வதற்கு. ஆகவே வரிகளைச் சுருக்கமாக எழுதுங்கள்.