இலையில் வெள்ளிக்கோடு: ஃபில்லோக்னிஸ்டிஸ் அந்துப்பூச்சியை அடையாளம் காண்பது எப்படி?

எலுமிச்சை, ஆரஞ்சுக் கொழுந்துகளில் நத்தை ஊர்ந்த தடம்போல ஒரு வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்ற அந்துப்பூச்சியின் புழு செய்த வேலை. கொல்கத்தாவில் கிடைத்த பூச்சிகளை வைத்துப் பூச்சியியலாளர் ஸ்டெயின்டன் 1856-இல் இதை விவரித்தார். ஃபில்லோக்னிஸ்டிஸ் என்று பேரினத்துக்குப் பெயர் வைத்தது இன்னொரு பூச்சியியலாளர் ஸெல்லர், 1848-இல். கிராசில்லாரிடே குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பேரினத்தில் நூற்றுக்கு மேல் சிற்றினங்கள்.

சிறகை விரித்தாலும் பூச்சி சுமார் 4 மில்லிமீட்டர்தான். படத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முயல வேண்டாம். இலை, சுரங்கம் (இலைக்குள் புழு போட்ட அந்தக் கோடு), கூட்டுப்புழுவின் தோல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் விடை கிடைக்கும்.

1. இலையைப் பறியுங்கள்

ஓரம் மடங்கிய இலையாகப் பாருங்கள். புழு கடைசியில் இலை ஓரத்தை மடித்து உள்ளே கூடு கட்டும். செடியின் பெயரை அப்போதே எழுதி வையுங்கள். பல சிற்றினங்கள் குறிப்பிட்ட சில செடிகளில் மட்டுமே வாழ்வதால், செடி தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

2. சுரங்கம் எந்த அடுக்கில் இருக்கிறது?

நிதானம் தேவைப்படும் இடம் இது. வளைந்த கோடு தெரிந்ததுமே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஸ்டிக்மெல்லா என்ற வேறோர் அந்துப்பூச்சிப் பேரினத்தின் புழுவும் ஈக்களின் புழுக்களும் அதேபோல் கோடு போடும்.

இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கோடு கண்ணாடிபோல் ஒளியை விட்டால், நடுவிலுள்ள பச்சைத் திசுவைப் புழு தின்றிருக்கிறது. அது பெரும்பாலும் ஸ்டிக்மெல்லா. ஃபில்லோக்னிஸ்டிஸ் புழு அப்படித் தின்பதில்லை. மேல்தோல் செல்களை மட்டும் கீறிச் சாற்றைக் குடிக்கும். அதனால் பச்சை அப்படியே இருக்கும். தோல் மட்டும் கழன்று காற்று புகுந்து வெள்ளியாக மின்னும். அந்த மினுமினுப்பு இலையின் ஒரு பக்கத்தில்தான் தெரியும்.

அடுத்து கழிவைப் பாருங்கள். சிட்ரெல்லா சுரங்கத்தின் நடுவில் மெல்லிய கருங்கோடு தொடர்ந்து ஓடும். ஈப்புழுக்களில் கழிவு இரு ஓரங்களிலும் மாறி மாறிக் கிடப்பதுண்டு. புழு உள்ளே இருந்தால் இன்னும் நல்லது: ஈப்புழுவுக்குத் தலை ஓடு கிடையாது. ஃபில்லோக்னிஸ்டிஸ் புழு தட்டையாக, காலே இல்லாமல் இருக்கும்.

நெருங்கிய உறவான ஃபில்லோனோரிக்டர் கூடாரம்போல் உப்பிய திட்டு போடும். அதன் புழு முதலில் சாறு குடித்து, பிறகு உடலமைப்பே மாறித் திசுவைத் தின்னும். நம் புழுவோ சாற்றோடு சரி. கடைசிப் பருவத்தில் எதுவும் உண்ணாமல் கூடு மட்டும் நூற்கும்.

இதற்கெல்லாம் பத்து மடங்கு கைலென்ஸ் போதும். இருபது மடங்கில் பார்வைப் பரப்பு குறுகி, வெளிச்சமும் போய்விடுகிறது. போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸைப் படம் எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. பூச்சி வரும்வரை வளர்த்தல்

சிறு கண்ணாடிக் குப்பியில் லேசாக ஈரப்படுத்திய டிஷ்யூ பேப்பர் போட்டு இலையை வையுங்கள். சுவரில் நீர்த்துளி கோத்தால் ஈரம் அதிகம், மூடியைத் திறந்துவிடுங்கள். சிட்ரெல்லாவின் கூட்டுப்புழுப் பருவம் வெப்பத்தைப் பொறுத்து 6 முதல் 22 நாள் வரை நீளும், பொறுமையாக இருங்கள். பூச்சி பெரும்பாலும் விடியலை ஒட்டி வெளிவரும், அதனால் காலையில் பார்ப்பது நல்லது. வெண்மையான முன்சிறகு, பழுப்புக் கோடுகள், நுனியில் ஒரு கரும்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

4. தோலைத் தூக்கிப் போடாதீர்கள்

கூட்டுப்புழுவின் தலையில் கூட்டைக் கிழிக்கும் கூர்முனை ஒன்று உண்டு. அதன் வடிவம் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும் என்பதால், வகைப்பாட்டியலாளர்கள் அதை நுண்ணோக்கியில் தேடிப் பார்க்கிறார்கள். பூச்சி பறந்த பிறகு கூட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் காலித் தோலை, பூச்சிக்கு எழுதி வைத்த அதே அடையாள எண்ணோடு தனிக் காப்ஸ்யூலில் போடுங்கள்.

பின்சேர்க்கை: "பூச்சிக்குப் பதிலாகக் குளவி வருகிறதே?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அவை அந்துப்பூச்சியின் புழுவைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள். அஜெனியாஸ்பிஸ் சிட்ரிகோலா என்ற குளவியின் ஒரே முட்டையிலிருந்து பல குளவிகள் உருவாகும். 1993-இல் ஃப்ளோரிடாவுக்குள் சிட்ரெல்லா நுழைந்தபோது, மறுவருடமே இந்தக் குளவியை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். குளவி வந்தால் அதையும் இலையோடு சேர்த்து, அதே எண்ணில் பத்திரப்படுத்துங்கள்.