கியர்பாக்ஸை இறக்கும் முன்: பழைய காரில் கிளட்ச் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் 2004 மாடல் மாருதி 800 அதில் பாதியைத் தாண்டும்போதே தடுமாறியது. இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் சத்தம்தான் ஏறியது, வண்டி ஏறவில்லை. உள்ளே ஏதோ கருகிய வாடை. அப்பா ஓரங்கட்டி நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, மெதுவாகத் திருப்பி இறக்கினார்.

கீழே வந்து முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கிளட்ச் செட் போயிடுச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்றார்கள். மனம் ஒப்பாமல் மறுநாள் எங்கள் பகுதியில் பல வருடமாக ஷெட் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். பானட்டைத் திறந்து, உள்ளே கையை விட்டு ஒரு லிவரை ஆட்டிப் பார்த்தார். "இங்க பாரும்மா, துளிகூட ஆடல. கேபிள் இழுத்துப் புடிச்சுக்கிட்டே இருக்குது. நீங்க காலை எடுத்தாலும் கிளட்ச் முழுசா உக்காராது" என்றார். ஒரு நட்டைச் சில சுற்று தளர்த்தினார், அவ்வளவுதான். அதே பிளேட்டோடு வண்டி இன்னும் பதினான்கு மாதம் ஓடியது.

அன்று அவரிடம் கற்றதையும், பிறகு நானே செய்து பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது மாருதி 800. 1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி. இன்றும் ஏராளமான வீடுகளில் ஓடுகிறது. கேபிள் கிளட்ச் உள்ள மற்றப் பழைய கார்களுக்கும் இதே முறைதான்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது ஃப்ளைவீல். கியர்பாக்ஸின் ஷாஃப்ட்டில் உட்கார்ந்திருப்பது கிளட்ச் பிளேட். இந்த பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது, ஸ்பிரிங் உள்ள பிரஷர் பிளேட். உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு அட்டையை இறுக்கிப் பிடித்தால் கை திரும்பும் பக்கமெல்லாம் அட்டையும் திரும்பும், பிடியைத் தளர்த்தினால் அட்டை நின்றுவிடும். பெடலை மிதிக்கும்போது நடப்பது அந்தத் தளர்த்தல்தான். கேபிள் லிவரை இழுக்க, ரிலீஸ் பேரிங் போய் ஸ்பிரிங்கை அழுத்த, பிடி விடுகிறது.

ஆக, அடிப்படையில் கோளாறு இரண்டு வகைதான். ஒன்று, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் வழுக்குவது, ஸ்லிப் என்பார்கள். இன்னொன்று, விட வேண்டிய நேரத்தில் முழுதாக விடாமல் இருப்பது. உங்கள் வண்டியில் எது என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள்

காலால் வேண்டாம், காலுக்கு நுட்பம் தெரியாது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து குனிந்து, கிளட்ச் பெடலை விரல்களால் மெதுவாக அழுத்துங்கள். தொடக்கத்தில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகும். பிறகு கனமாகும். அந்த லேசான தூரத்துக்குப் பெயர்தான் ஃப்ரீ பிளே. பெடலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலை நிறுத்தி அளந்துகொள்ளுங்கள். இந்த வகைச் சின்ன கார்களில் அது ஏறக்குறைய 2 செ.மீ. இருக்கும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு அதனுடன் வந்த கையேட்டில் இருக்கும்.

பிளே அறவே இல்லை என்றால் பேரிங் எப்போதும் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். பிளேட் வழுக்கும், சூடாகும், கருகும். ஏற்காட்டில் எங்களுக்கு நேர்ந்தது இதுதான். பிளே மிக அதிகம் என்றால், மிதிக்கும் தூரத்தில் பாதி வீணாகி, கிளட்ச் முழுதாக விடாது. கியர் கரகரக்கும்.

படி 2: கேபிளையும் லிவரையும் பாருங்கள்

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பானட்டைத் திறந்து, பெடலிலிருந்து தகட்டைத் துளைத்து வெளியே வரும் கறுப்புக் கேபிளைக் கண்ணால் தொடர்ந்து போங்கள். அது கியர்பாக்ஸின் மேல் ஒரு இரும்பு லிவரில் போய் முடியும். அந்த முனையில் மரை கடைந்த கம்பியும் அட்ஜஸ்ட் செய்யும் நட்டும் இருக்கும். லிவரைக் கையால் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் ஆட வேண்டும்.

கேபிளின் இரண்டு முனைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி இழைகள் ஒன்றிரண்டு அறுந்து சிலிர்த்துக்கொண்டு நின்றால் அதை அப்படியே ஓட்டாதீர்கள். நடுரோட்டில் அறுந்தால் கியரை எடுக்கவும் முடியாது, போடவும் முடியாது. பெடல் முன்பைவிடக் கனமாக, இழுத்து இழுத்து வருகிறது என்றாலும் பெரும்பாலும் காரணம் கேபிள்தான். உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும். புதுக் கேபிள் போட கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

இந்த இடத்தில் ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். கேபிள் நீண்டுபோனால் பிளே கூடும். பிளேட் தேய்ந்தால் பிளே குறையும். பலர் இதைத் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள். பிளேட் மெலியும்போது பிரஷர் பிளேட் ஃப்ளைவீல் பக்கம் நகர்கிறது, அதன் ஸ்பிரிங் விரல்கள் எதிர்ப்பக்கம், பேரிங்கை நோக்கி வெளியே வருகின்றன. அதனால் இடைவெளி சுருங்குகிறது. ஆகவே அட்ஜஸ்ட் செய்த தேதியையும் அளவையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எங்கள் வண்டியில் முதலில் ஐந்து மாதம் தாங்கிய பிளே, பிறகு மூன்று வாரத்தில் மறையத் தொடங்கியது. பிளேட் முடியப்போகிறது என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். நட்டைத் தளர்த்த இனி மரையே இல்லை என்ற நிலைக்கு வந்தாலும் அதே பொருள்தான்.

படி 3: ஸ்லிப் ஆகிறதா?

நின்ற இடத்திலேயே செய்யும் சோதனை ஒன்று உண்டு. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முன் டயருக்கு முன்னால் கல்லோ கட்டையோ வைத்து, வண்டிக்கு முன்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வலது காலால் பிரேக்கை அழுத்தியபடி நான்காவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே திணறி அணைந்துவிட வேண்டும். பெடலை முழுதாக விட்ட பிறகும் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் பிளேட் நிச்சயமாக வழுக்குகிறது. ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டையும் நீங்களே கெடுத்துவிடுவீர்கள்.

ஆனால் இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, இன்ஜினுக்கு இழுவை குறைவு. மோசமாகத் தேய்ந்த பிளேட் மட்டுமே இதில் மாட்டும். உண்மை தெரிவது ரோட்டில்தான். போக்குவரத்து இல்லாத ஏற்றத்தில், மூன்றாவது அல்லது நான்காவது கியரில் சுமார் 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். இன்ஜின் இரைச்சலும் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும். இரைச்சல் முன்னால் ஓடி, ஸ்பீடாமீட்டர் முள் பின்னால் தங்கினால் அது ஸ்லிப்.

பிளே சரியாக இருந்தும் வழுக்குகிறதா? பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது அதன் மேல் ஆயில் பட்டிருக்கும். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் ஆயில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால், ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீல் கசிகிறது. சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் புதியதும் நனையும்.

படி 4: கியர் விழவில்லையா?

இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, பெடலை முழுதாக மிதித்துப் போட்டுப் பாருங்கள். அணைந்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மறுத்தால் கோளாறு கிளட்சில். இரண்டு நேரத்திலும் முரண்டு பிடித்தால் கிளட்சை விட்டுவிட்டு கியர் ராடையும் அதன் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் உறுதியாக அறிய ரிவர்ஸ் கியர் உதவும். பெடலை அடிவரை மிதித்து, மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸைப் போடுங்கள். கர்ரென்று பல் உரசினால் கிளட்ச் முழுதாக விடவில்லை. மற்ற கியர்களுக்கு இருக்கும் சிங்க்ரோ (பற்கள் உரசாமல் சேர, வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) இதற்கு இல்லாததால் ரிவர்ஸ் எதையும் மறைக்காது. காரணம் அதிக பிளேவாக இருக்கலாம், நீண்ட கேபிளாக இருக்கலாம். மிதியடி மடங்கிப் பெடலுக்குக் கீழே கிடந்தாலும் இதேதான் நடக்கும், முதலில் அதை இழுத்துப் போடுங்கள். மழைக்காலம் முழுக்க ஓட்டாமல் நிறுத்திய வண்டி என்றால், துருவால் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கவும் வாய்ப்புண்டு.

படி 5: காதால் கேளுங்கள்

நியூட்ரலில் இன்ஜின் ஓடட்டும். ஜன்னலை இறக்கி, ஃபேனை அணையுங்கள். பெடலை மிதிக்கும்போது மட்டும் உர்ரென்றோ கீச்சென்றோ சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். மாறாக, காலை எடுத்திருக்கும்போது இருந்த சத்தம் மிதித்ததும் நின்றால் சந்தேகம் கியர்பாக்ஸின் உள் பேரிங் மேல்.

வண்டி கிளம்பும்போது உடம்பே குலுங்குகிறது என்றால் பிளேட்டைக் குறைசொல்லும் முன் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டிங்கைப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தாலும் அதே குலுக்கல்தான் வரும்.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியா?

கேபிளுக்குப் பதில் ஆயில் டப்பாவும் இரண்டு சிலிண்டர்களும் இருக்கும். இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் பெடல் கெட்டியாகிறது என்றால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. பெடலின் மேல்முனையிலும் கீழே மிதியடியிலும் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். குறைந்தால் கையேட்டில் சொன்ன பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு போனாலும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

கடைசியில் இறக்கத்தான் வேண்டும் என்றால்

கூலியின் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றத்தான் போகிறது. ஆகவே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். பிளேட்டில் ஆயில் பட்டிருந்தால் சீலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

கழற்றிய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓரங்களில் உள்ள ஆணித் தலைகள் மேற்பரப்போடு சமமாகத் தெரிந்தால் அது தேய்ந்து முடிந்தது. ஃப்ளைவீலில் நீலம் பூத்த திட்டுகள் இருந்தால் அது மிகச் சூடேறியிருக்கிறது; அதைக் கடைசல் பிடிக்க வேண்டுமா என்று வண்டியை மூடும் முன்பே கேட்டுவிடுங்கள். எங்கள் பிளேட்டில் பதினான்கு மாதம் கழித்து ஆணிகள் பளபளவென்று வெளியே தெரிந்தன. பெரியவர் அதன் மேல் என் கட்டைவிரலை வைத்துத் தேய்க்கச் சொன்னார். ஆணியும் பிளேட்டும் ஒரே மட்டமாக, நகத்தில்கூட இடறவில்லை.