பழைய படகுப் பாயைத் துவைப்பதா, புதுசு வாங்குவதா? லேசர் படகு பழகுபவர்களுக்கு

முதல் படகைப் பழையதாக வாங்கும் எல்லாரும் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். படகின் உடம்பு பரவாயில்லை, கயிறுகளை மாற்றிவிடலாம், ஆனால் பைக்குள் ஈரத்தோடு திணித்து வைத்த பாய் கறுப்புப் பூஞ்சையும் துருக்கறையுமாக வெளியே வருகிறது. நான் சென்னையில் ஒரு பழைய லேசர் ஓட்டுகிறேன் (ஒருவர் ஓட்டும் சிறிய பாய்மரப் படகு, 2019இலிருந்து போட்டிகளில் அதற்கு ஐஎல்சிஏ 7 என்று பெயர், பாய் 7.06 சதுர மீட்டர்). இதுவரை மூன்று பழைய பாய்களை மொட்டை மாடியில் துவைத்திருக்கிறேன். அதில் ஒன்றைத் துவைத்திருக்கவே வேண்டாம். பால் மாதிரி வெளுத்து வந்தது, கடலில் ஏற்றினால் மூட்டை போல உப்பிக்கொண்டு, எதிர்காற்றில் ஏறவே மாட்டேன் என்றது. அழுக்கு போகும், போன உருவம் திரும்பாது. அதனால் வாளியை எடுப்பதற்கு முன்னால் பாயைச் சோதித்துவிடுங்கள்.

1. முதலில் சோதனை

பாயைச் சுத்தமான தரையில் விரியுங்கள். பாய்மரத்தை ஒட்டி வரும் விளிம்பு லஃப், பின்பக்க விளிம்பு லீச். இந்த இரண்டு பெயர் தெரிந்தால் போதும்.

தையலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நூல் பொடிந்து வந்தால் அந்த மூட்டு முழுவதையும் மறுபடி தைக்க வேண்டும், ஆனால் இதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நூல் துணிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பதால் வெயிலையும் உரசலையும் முதலில் அதுதான் வாங்குகிறது, துணி நன்றாக இருக்கும்போதே தையல் போய்விடுவது சகஜம்.

அடுத்தது துணி. டேக்ரான் என்பது பாலியெஸ்டர்தான், நெய்த பிறகு பிசின் ஏற்றி, சூட்டில் இறுக்கியிருப்பார்கள். புதுப்பாயைக் கசக்கினால் காகிதம் போலச் சரசரப்பது அந்தப் பிசினால். அது உதிர்ந்துபோன பாய் படுக்கை விரிப்பு மாதிரி தொய்ந்து கிடக்கும், மூலைவாட்டில் இழுத்தால் நீண்டுகொண்டே போகும். எங்காவது ஏற்கெனவே சின்னக் கிழிசல் இருந்தால் அதன் முனையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். சுலபமாகக் கிழிந்தால் வெயில் துணியைத் தின்றுவிட்டது. அதில் ஒட்டுப் போட்டால், ஒட்டுக்குப் பக்கத்தில் கிழியும்.

கடைசியாக உருவம். இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. மெல்லிய காற்று இருக்கும் நாளில் கரையிலேயே பாயை ஏற்றி, பூமின் (பாயின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் கிடைக்கம்பு) நடுப்பகுதிக்குக் கீழே படுத்துக்கொண்டு மேல்நோக்கி போனில் ஒரு படம் எடுங்கள். வளைவு அதிக ஆழமாக இருக்கும் இடம் லஃப்பிலிருந்து ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதத் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அது லீச் பக்கமாகப் பின்வாங்கி, லஃப்பைக் கீழே இழுத்து இறுக்கும் கன்னிங்ஹாம் கயிற்றை இழுத்தும் முன்னால் வர மறுத்தால், அந்தப் பாய் படகை முன்னால் தள்ளுவதைவிடப் பக்கவாட்டில் சாய்ப்பதுதான் அதிகம்.

2. முடிவு

தையல் மட்டும் போயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு துவைத்துத் தையுங்கள். துணி கிழிகிறதென்றால் புதுசு வாங்குங்கள், சோப்புகூட வீண். நடுவில் இருப்பதுதான் குழப்பம்: உருவம் கொஞ்சம் போயிருக்கிறது, துணி இன்னும் வலுவாக இருக்கிறது. நீங்கள் முதல் வருடம் பழகுபவர் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். தினமும் கவிழ்வீர்கள், திரும்பும்போதெல்லாம் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், அந்தப் படபடப்புதான் பிசினை உடைக்கிறது. புதுப்பாயை அதற்குப் பலி கொடுக்க வேண்டாம்.

போட்டிக்குப் போகிறீர்கள் என்றால் லேசர் வகுப்புச் சங்கத்தின் அங்கீகாரம் உள்ள பாய்தான் வேண்டும், வேறு வழியில்லை. போட்டி இல்லையென்றால் அதே அளவில் தைத்த பயிற்சிப் பாய்கள் பெரும்பாலும் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. பெரிய படகு வைத்திருப்பவர்கள் பாய் தைப்பவரிடம் கொடுத்து வளைவைக் குறைத்து வெட்டித் தைக்கலாம், லேசர் போட்டி விதிகளில் அதற்கு இடமில்லை.

3. துவைப்பது

வாஷிங் மெஷினில் போடவே போடாதீர்கள். அது சுழற்றிச் சுழற்றி மிச்சமிருக்கும் பிசினையும் கழற்றிவிடும். இஸ்திரியும் கூடாது.

பேட்டன்களை (லீச்சை விறைப்பாக வைக்கச் செருகும் பட்டைகள்) உருவிவிட்டு, ஒரு பெரிய தொட்டியில் இரவு முழுக்க நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும், ஏனென்றால் உப்புப் படிகங்கள்தான் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பூஞ்சைக்கு இடம் கொடுக்கின்றன. கடலோரப் பகுதிகளில் போர்வெல் தண்ணீரே பல வீடுகளில் உப்புக் கரிக்கும், அதில் அலசிப் பயனில்லை. கடைசி அலசலுக்காவது மெட்ரோ தண்ணீரோ மழைத்தண்ணீரோ பிடித்து வையுங்கள்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன், பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்த தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால், தையலின் போக்கிலேயே தேயுங்கள். பாய்க்கு நடுவே பார்ப்பதற்காக வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஜன்னலில் பிரஷ் படக் கூடாது, ஸ்பிரிட்டும் படக் கூடாது, மங்கிவிடும். அதற்குக் கைவிரலும் சோப்புத் தண்ணீரும் போதும்.

பூஞ்சைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து தெளித்து, அரை மணி நேரம் விட்டு அலசுங்கள். வாடை போகும், கறுப்புப் புள்ளி முழுக்கப் போகாது. வெள்ளை டேக்ரானாக இருந்தால், வினிகரை நன்றாக அலசி எடுத்த பிறகு இன்னொரு நாள், வீட்டு பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து பத்து நிமிடம் வைக்கலாம். வினிகரும் பிளீச்சும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஒரே நாளில் இரண்டையும் தொடாதீர்கள். வேறு படகுகளில் பின்காற்றுக்கு விரிக்கும் நைலான் ஸ்பின்னக்கர் பாய்க்கு பிளீச் ஆகவே ஆகாது, இழை செத்துவிடும்.

துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம், கையுறை கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். கறை மேல் மட்டும் தடவி, மங்கியதும் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். சென்னைத் துறைமுகத்தில் 2011 வரை இரும்புத்தாதும் நிலக்கரியும் ஏற்றி இறக்கினார்கள், அந்தக் காலத்துப் பாய் ஏதாவது கைமாறி உங்களிடம் வந்து, அதில் செம்பழுப்புப் படலம் தெரிந்தால் இதே வைத்தியத்தை ஒரு மூலையில் முயன்று பாருங்கள்.

காயப்போடுவது நிழலில். கொடியில் போட்டால் லஃப் முழுவதும் பரவலாகத் தாங்கும்படி போடுங்கள், காற்றில் அடித்துக்கொள்ள விடாதீர்கள். பல மடிப்புத் துணி இருக்கும் மூலைகள் கடைசியில்தான் காயும், அங்கே தொட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

4. தைப்பதும் ஒட்டுவதும்

காய்ந்த பிறகுதான் தையல். சிறு ஓட்டைகளுக்குப் பசை தடவிய டேக்ரான் ஒட்டுத்துணி கிடைக்கிறது. இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்டுங்கள், கூர்மூலை சீக்கிரம் உரியும். பிரிந்த மூட்டுக்குப் பாலியெஸ்டர் நூலும் ஜிக்ஜாக் தையலும் வேண்டும், பருத்தி நூல் கூடாது. முடிந்தவரை பழைய ஊசித் துளைகளிலேயே போங்கள். இரண்டு மடிப்பு வரை வீட்டுத் தையல் மெஷின் தாங்கும். மூலைகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடைக்குக் கொண்டு போங்கள். நான் போன கடையில் தைத்துக் கொடுத்த அண்ணன், "இதுல காத்து புடிச்சா நிக்குமா?" என்று கேட்டுவிட்டு, கேட்காமலே இன்னொரு வரிசையும் தைத்துக் கொடுத்தார். இரண்டு வருடமாக நிற்கிறது.

5. எடுத்து வைப்பது

மடிக்காமல் மேல் முனையிலிருந்து கீழ்நோக்கிச் சுருட்டுங்கள், ஜன்னல் மடங்கக் கூடாது. ஒவ்வொரு முறை கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே பைக்குள் போடுங்கள். புதுசு வாங்கிவிட்டீர்கள் என்றாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். துணி இன்னும் வலுவாக இருக்கும் பகுதிகளை வெட்டி வைத்துக்கொண்டால் புதுப்பாய்க்குத் தைக்க ஒட்டுத்துணி ஆகும்.