அமெரிக்காவில் உங்கள் முகவரி யார் கையில்? மலையகத்திலிருந்து வருபவர்களுக்கு

ஹட்டனில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விடுமுறைக்கு வந்திருக்கிறேன். அடுத்த மாதம் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிற பக்கத்து வீட்டுத் தம்பி நேற்று வந்திருந்தார். குளிருக்கு என்ன உடுப்பு, நல்ல அரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அதையெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அவருக்கு வேறொன்றைச் சொன்னேன்: இணையத்தில் யாரும் பார்க்கும்படி கிடக்கிற நம் முகவரியை எப்படி நீக்குவது என்று.

போன வருடம் அக்காவுக்கு வட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு வந்தது. "உங்கள் தம்பி கார் விபத்தில் மாட்டி பொலிஸில் இருக்கிறார், வக்கீலுக்கு இன்றைக்கே பணம் கட்ட வேண்டும்" என்று நல்ல தமிழில் ஒருவர் பேசினார். என் முழுப்பெயர், வயது, மனைவியின் பெயர், மச்சானின் பெயர், தெரு, அபார்ட்மென்ட் எண் என எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னாராம். அக்கா நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் புறப்பட்டுவிட்டார். பாதி வழியில்தான் அந்த முகவரி உறைத்திருக்கிறது. அந்த வீட்டை விட்டு நாங்கள் வெளியேறி நான்கு வருடமாகிறது. புது வீட்டில் பால் காய்ச்சியதை அக்கா வீடியோவில் பார்த்தவர். உடனே எனக்கு அழைத்தார். நான் வேலையில் இருந்தேன், பத்திரமாக.

அன்று இரவு என் பெயரை இணையத்தில் தேடினேன். ஆட்களைத் தேடித்தரும் ஒரு தளத்தில், ஒரு சதமும் கட்டாமல், அத்தனையும் ஒரே பக்கத்தில் கிடந்தது. நாங்கள் விட்டுவந்த அந்தப் பழைய வீடுதான் 'தற்போதைய முகவரி' என்று போடப்பட்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. அப்பா காலத்தில் எங்களுக்கென்று ஒரு முகவரி கிடையாது. பெயர், டிவிசன், தோட்டம், பொகவந்தலாவ, அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வரும். அங்கிருந்து லயத்துக்கு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நேர்முகத் தேர்வுக்கான கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த கதை நம் தோட்டங்களில் புதிதில்லை. வீட்டுக்கு ஓர் இலக்கம், வாசலுக்கே தபால் என்பது பல இடங்களில் இன்னும் கோரிக்கையாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் என் பெயர் எழுதிய தபால்பெட்டியைப் படம் எடுத்து முதலில் அப்பாவுக்குத்தான் அனுப்பினேன். அப்படிக் கிடைத்த முகவரியை யாருக்குக் கொடுப்பது என்பதையும் நாமே முடிவு செய்ய வேண்டும். வந்த முதல் சில மாதங்களிலேயே அந்த மாதிரித் தளங்களிலிருந்து உங்கள் விபரத்தை நீக்கத் தொடங்குங்கள், தகவல் பல இடங்களுக்குப் பரவுவதற்கு முன்.

இந்தத் தளங்கள் களவாடுவதில்லை. அமெரிக்காவில் காணி உறுதிப் பதிவும் நீதிமன்றப் பதிவும் பெரும்பாலும் யாரும் பார்க்கக்கூடியவை. அதோடு கடைகளின் புள்ளி அட்டை, பொருளுக்கான உத்தரவாதப் படிவம், சஞ்சிகைச் சந்தா, பேஸ்புக் என்று நாம் பெயரும் முகவரியும் எழுதிக் கொடுக்கிற இடங்களிலிருந்தும் தகவல் தரகர்கள், அதாவது ஆட்களின் விபரங்களைச் சேர்த்து விற்கிறவர்கள், வாங்குகிறார்கள். வீடு மாறும்போது தபால் திணைக்களத்தில் நிரந்தர முகவரி மாற்றம் பதிந்தால், உங்கள் பழைய முகவரியை ஏற்கெனவே வைத்திருக்கிற விளம்பர நிறுவனங்களுக்குப் புதியதும் போய்ச்சேரும். தற்காலிக மாற்றம் என்று பதிந்தால் அந்தப் பட்டியலுக்குப் போகாது.

சரி, எப்படி நீக்குவது? முதலில் உங்களை நீங்களே தேட வேண்டும். இதில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. லெட்சுமி என்ற ஒரே பெயரைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். அமெரிக்காவில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிடும். சில இடங்களில் முன்னும் பின்னும் மாறிவிடும். கடவுச்சீட்டில் பெயர் முழுவதும் ஒரே கட்டத்தில் இருந்தால் விசாவில் முதற்பெயருக்குப் பதிலாக 'எஃப்என்யூ' என்று போட்டுவிடுவார்கள், முதற்பெயர் தெரியாது என்று அர்த்தம். அப்புறம் வங்கியிலும் வாடகை ஒப்பந்தத்திலும் அதுவே உங்கள் பெயராக நிற்கும். ஆகவே ஒரு கொப்பியில் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதி, ஒவ்வொன்றையும் ஊர் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள். எனக்கு மூன்று தனித்தனிப் பக்கங்கள் இருந்தன. ஒன்றை நீக்கிவிட்டு முடிந்தது என்று நினைத்திருந்தால் மற்ற இரண்டும் அப்படியே இருந்திருக்கும்.

காசு கேட்காமல் முகவரியைக் காட்டுகிற தளங்களிலிருந்து தொடங்குவது நல்லது. ட்ரூபீப்பிள்சர்ச், ஃபாஸ்ட்பீப்பிள்சர்ச் இரண்டும் அந்த வகை. பெரும்பாலான தளங்களில் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், தகவலை நீக்கக் கோரும் இணைப்பு இருக்கும். ஸ்போக்கியோவில் உங்கள் பக்கத்தின் இணைப்பைப் பிரதி எடுத்து, நீக்கல் படிவத்தில் ஒட்டி, மின்னஞ்சலுக்கு வரும் உறுதிப்படுத்தலை அழுத்த வேண்டும். அதை அழுத்த மறந்தால் கோரிக்கை செல்லாது. வைட்பேஜஸில் தொலைபேசிக்கு ஒரு தானியங்கி அழைப்பு வரும், திரையில் தெரியும் எண்ணை அதில் கொடுக்க வேண்டும். இன்டெலியஸ், ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட், யூஎஸ் சர்ச் நான்கும் பீப்பிள்கனெக்ட் என்ற ஒரே நிறுவனத்துடையவை. அங்கே ஒரு படிவமே எல்லாவற்றுக்கும் போதும். ஆனால் அதில் 'மறைத்தல்', 'அழித்தல்' என்று இரண்டு வழிகள் இருக்கின்றன. அழித்தல் நல்லது போலத் தெரியும். அழித்தால் நீங்கள் மறைக்கச் சொன்ன விருப்பமும் சேர்ந்து அழிந்துவிடும், புதிய தகவல் வந்தால் பக்கம் திரும்ப முளைக்கும். நான் மறைத்தலைத்தான் சொல்வேன்.

இதற்கென்று ஒரு தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். சோஷல் செக்யூரிட்டி எண்ணை (நம் அடையாள அட்டை எண் போன்றது) எந்தத் தளத்துக்கும், எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள். அடையாள அட்டை கேட்டால், பெயரையும் முகவரியையும் தவிர மற்றதையெல்லாம் மறைத்துவிட்டு அனுப்புங்கள். எந்தத் தளம், எந்தத் திகதி, என்ன பதில் என்று அதே கொப்பியில் குறித்து, திரையையும் படம் எடுத்து வையுங்கள். ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தால் முக்கியமான பத்துத் தளங்களையாவது முடிக்கலாம்.

காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்து தரும் சேவைகளும் உண்டு. 2024இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு அவற்றைச் சோதித்தபோது, கையால் அனுப்பிய கோரிக்கைகளில் 70 சதவீதம் ஒரு வாரத்துக்குள் பலித்தன. காசு வாங்கிய சேவைகளில் பல அதைவிடப் பின்தங்கின. புதிதாக வந்து ஒவ்வொரு டொலரையும் எண்ணுகிற நேரத்தில் முதலில் நீங்களே செய்து பாருங்கள்.

கூகுளில் 'உங்களைப் பற்றிய முடிவுகள்' என்ற வசதி 2022இலிருந்து இருக்கிறது. உங்கள் முகவரியோ தொலைபேசி எண்ணோ தேடலில் வந்தால் அங்கிருந்து எடுக்கச் சொல்லலாம். ஆனால் அது கூகுளிலிருந்துதான் போகும், மூலத் தளத்தில் அப்படியே இருக்கும். அதனால் இரண்டையும் செய்ய வேண்டும்.

கலிபோர்னியாவில் குடியேறுகிறவர்களுக்கு வேலை சுலபம். 2023இல் அங்கே நிறைவேறிய நீக்கல் சட்டத்தின்படி 'டிராப்' என்ற அரசாங்கத் தளம் 2026 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே ஒரே கோரிக்கை கொடுத்தால், பதிவுசெய்த எல்லாத் தகவல் தரகர்களுக்கும் அது போகும். 2026 ஓகஸ்ட் 1 முதல் 45 நாட்களுக்கு ஒருமுறை அவர்கள் அதைப் பார்த்து நீக்க வேண்டும். பொதுப் பதிவுகளிலிருந்து எடுத்த தகவல் இதில் அடங்காது.

வாடகைக்கு வீடு தேடும்போது இன்னொன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கடன் அறிக்கை பற்றிய 1970ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்படி, வேலை கொடுக்கவோ வீடு கொடுக்கவோ ஒருவரைச் சோதிக்க இந்த மாதிரித் தளங்களைப் பயன்படுத்தக்கூடாது. அதற்கென்று அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கும் நிறுவனங்கள் வேறு. உங்கள் பெயரோடு யாரோ ஒருவரின் வழக்கு ஒட்டிக்கொண்டு, அதைக் காட்டி உங்களை மறுத்தால், எந்த அறிக்கையைப் பார்த்தார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு கேள்வி எனக்கு மிஞ்சியிருந்தது. என் விபரம் அந்தத் தளத்தில் இருந்தது சரி, ஹட்டனில் இருக்கிற அக்காவின் எண் எப்படிக் கிடைத்தது? அப்பாவின் மரண அறிவித்தல். அதை இணையத்தில் போட்டது நாங்கள்தான். மகள் ஹட்டன், மகன் அமெரிக்கா, மருமகள் இன்னார், தொடர்புக்கு என்று அக்காவின் எண். துக்கத்தில் யாரும் இதை யோசிப்பதில்லை, நானும் யோசிக்கவில்லை. வீட்டு முகவரியோடு பேஸ்புக்கில் போடுகிற சடங்கு அழைப்பிதழும், தமிழ்ச் சங்கத்தில் எல்லோர் எண்ணோடும் சுற்றிவருகிற எக்செல் பட்டியலும் இப்படித்தான். உறவுக்குச் சொல்ல வேண்டியதைக் கட்டாயம் சொல்லுங்கள். எண்ணையும் முகவரியையும் தனியாக அனுப்புங்கள். ஊரில் இருப்பவர்களோடு ஓர் அடையாளச் சொல்லும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கேட்டு யார் அழைத்தாலும் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டுச் சொல் பழைய லயத்துப் பூனையின் பெயர்.

அடிக்கும் கணவனிடமிருந்தோ துரத்துகிற ஒருவனிடமிருந்தோ தப்பி வந்த சகோதரிகள் இந்தத் தளங்களை நீக்குவதோடு நிற்கக்கூடாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் உண்மையான முகவரிக்குப் பதிலாக அரசாங்கமே ஒரு முகவரி தருகிற திட்டம் இருக்கிறது. கலிபோர்னியாவில் அதன் பெயர் 'சேஃப் அட் ஹோம்'. புது வீட்டில் பெயர் பதிவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

லண்டனுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வரி. பொதுநலவாய நாட்டவர் என்பதால் இலங்கையர் அங்கே வாக்காளர் இடாப்பில் பதியலாம். பதியும்போது 'திறந்த இடாப்பு' வேண்டாம் என்று குறிப்பிடுங்கள், அது யாருக்கும் விற்கப்படுகிற பட்டியல்.

நீக்கிய பக்கங்கள் திரும்ப வரும், குறிப்பாக வீடு மாறினால். அதனால் நான் தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, ஆடி, தீபாவளி என்று வருடத்துக்கு நான்கு முறை அந்தக் கொப்பியை எடுக்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி நேற்றே ஒரு கொப்பி வாங்கி, தன் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று எழுதத் தொடங்கிவிட்டார். இதுவரை ஏழு.