புத்தகம் கைக்கு வராமல் வெளியீட்டுத் திகதி குறிக்காதீர்கள்

திருகோணமலையில் சொந்தக் காசில் புத்தகம் போடுகிற பலர் முதலில் செய்கிற வேலை மண்டபம் பிடிப்பது. பிரதம விருந்தினர் சரி என்று சொல்லிவிட்டார், அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் போய்விட்டது, புத்தகம் மட்டும் இன்னும் புரூப்பில் கிடக்கிறது. மற்றப் பிழைகளில் பாதி இந்த அவசரத்தில்தான் வருகிறது. கட்டு கைக்கு வந்த பிறகு திகதி குறியுங்கள்.

அவசரத்தில் முதலில் அடிபடுவது செவ்விதாக்கம், அதாவது எடிட்டிங். புரூப் பார்ப்பது வேறு, இது வேறு. எழுத்துப்பிழை திருத்துகிறவர், மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன மாமா ஏழாம் அத்தியாயத்தில் கடைக்குப் போவதைக் கவனிக்க மாட்டார், அது அவருடைய வேலையும் இல்லை. தெரிந்த தமிழ் ஆசிரியரிடம் கொடுப்பது நல்லதுதான், ஆனால் எதைப் பார்க்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கதையில் நிலாவெளிக் கிழவி "என்னண்டு வந்தனீ" என்று கேட்டது "எவ்வாறு வந்தாய்" என்று திருந்தித் திரும்பி வரும், அதோடு கிழவியும் போய்விடுவாள்.

அடுத்தது பாமினி, யுனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துரு. நீங்கள் யுனிகோடில் அடித்ததை அச்சகத்தில் பாமினிக்கு மாற்றுவார்கள், அல்லது பாமினியில் கிடக்கும் பழைய கோப்பை நீங்கள் யுனிகோடுக்கு மாற்றுவீர்கள். எப்படியென்றாலும் மாற்றிய பிறகு முழுவதையும் தாளில் எடுத்து ஒருமுறை வாசியுங்கள். ஸ்ரீ உடைந்திருக்கலாம், ஔ என்ற ஒற்றை எழுத்து ஒவும் ளவுமாகப் பிரிந்திருக்கலாம், கொம்பு இடம் மாறியிருக்கலாம். திரையில் பார்த்தால் கண் இதையெல்லாம் தாண்டிப் போய்விடும்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இலக்கத்தை அச்சுக்குப் போகுமுன்பே தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் எடுத்துவிடுங்கள். மின்னூலும் போடுவதென்றால் அதற்கு வேறு இலக்கம் வேண்டும்.

எத்தனை பிரதி? கூட அடித்தால் ஒரு பிரதிக்கான செலவு குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் விற்காத பிரதிக்கும் நீங்கள்தான் காசு கட்டியிருக்கிறீர்கள். நம்முடையது கடலோர ஊர், மாரியில் கட்டிலுக்குக் கீழே கிடக்கும் பெட்டியில் தாள் ஈரம் பிடிக்கும், பிறகு கறையான் வரும். முதலில் 200 போதும், கேட்கிறவர்கள் இருந்தால் திரும்ப அடிக்கலாம்.

விழாவில் கவருக்குள் காசு வைத்துத் தந்து புத்தகம் வாங்கியவர்கள் உங்களுக்காக வாங்கியவர்கள். அந்த அன்பு பெரியது, ஆனால் அதை விற்பனைக் கணக்கில் சேர்த்தால் ஏமாந்து போவீர்கள். உங்களைத் தெரியாத வாசகர் மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ டொரொண்டோவிலோ இருக்கிறார், அவருக்கு முதல் அத்தியாயத்தை இலவசமாக வாசிக்கக் கொடுங்கள், வாங்குவது எப்படி என்று அதன் கடைசியிலேயே எழுதுங்கள். விலை போடுமுன் ஒரு பிரதியை நிறுத்துத் தபால் செலவைப் பாருங்கள், கடைக்காரருக்கான கழிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் கொடுத்த பிரதிகளுக்குத் திகதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள், பின்னால் மனக்கசப்பு வராது.

அமேசானின் கிண்டிலில் மின்னூல் போடுகிறவர்கள், அதை அங்கே மட்டும் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளும் கே.டி.பி. செலக்ட் என்ற பெட்டியில் சரி போடுமுன் யோசியுங்கள். போட்டால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் கொடுக்க முடியாது, இலவச பி.டி.எஃப். ஆகக்கூட. அச்சுப் பிரதிக்கு அந்தத் தடை இல்லை. நீங்களாக நிறுத்தாவிட்டால் 90 நாள் முடிந்ததும் அது தானாகவே புதுப்பிக்கப்படும், ஆகவே சேர்ந்த அன்றைக்கே அந்தத் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி வையுங்கள்.